முன் சஸ்பென்ஷன் சாமான்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது (வடசென்னை ரோட்டை வைத்து ஒரு விமர்சனம்)

மணலி ரோடு, எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை என்று தினம் ஓடுகிற சின்ன காருக்கு முன் சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட டயர் மாதிரிதான். தேயும், மாற்றணும். கன்டெய்னர் லாரிகள் தாரை அழுத்தி அழுத்தி வயல் வரப்பு மாதிரி ஆக்கி வைத்திருக்கும். வரப்பில் ஏறினால் ஒரு டொக், இறங்கினால் ஒரு டொக். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பதே சக்கரம் விழுந்த பிறகுதான் தெரியும். கூடவே உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை தெருவில் நிற்கிற வண்டிகளின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், ரப்பர் கிழிவதற்கு முன்னாலேயே போல்ட் துருப்பிடித்துக் கிடக்கும்.

ஸ்விஃப்ட், டிசையர் மாதிரி முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு) உள்ள வண்டிகளுக்கு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை), ஷாக், ஷாக் மவுண்டிங், லிங்க் ராடு (வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஷாக்கோடு இணைக்கும் கம்பி) ஆகியவற்றை வீட்டு வாசலிலேயே மாற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கடையில் மூன்று தரம் கிடைக்கும். ஒன்று, வண்டிக் கம்பெனியின் முத்திரை போட்ட ஜெனுயின். இரண்டு, ஷாக்குக்கு கேப்ரியல், பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரப் பக்கத்தையும் சேர்க்கும் குண்டு மூட்டு), டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியின் முனை) இவற்றுக்கு நம்ம சென்னைக் கம்பெனி ரானே போன்ற பெயர் உள்ள பிராண்டுகள். மூன்று, பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி அல்லது எங்கோ பார்த்த மாதிரி ஒரு பெயர் போட்ட லோக்கல் சாமான். மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்து "ஒரிஜினல்தான் நல்லது" என்று முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மை. சில பாகத்துக்கு ஜெனுயின் வாங்குவது வீண் செலவு. சில பாகத்துக்கு லோக்கல் வாங்கினால் மூன்று மாதத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்யணும். அதைவிட முக்கியமானது ஒன்று: "டூப்ளிகேட் சார், அதான் சீக்கிரம் போச்சு" என்று பழி சுமக்கிற புஷ்களில் (ஆர்மில் போல்ட் போகும் இடத்து ரப்பர் உருளை) நிறைய, மாட்டும்போது தப்பாக முறுக்கப்பட்டதால் செத்தவை.

வாங்குவதற்கு முன்னால் எது தேய்ந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே டொக்குக்கு நாலு காரணம் உண்டு, நாலையும் வாங்குவதுதான் மெக்கானிக் கடை வழக்கம். சின்னச் சின்ன குண்டு குழியில், இருபது கிலோமீட்டர் வேகத்தில், கடகடவென்று தகர டப்பா குலுங்குவது போல வந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடு. பிரேக் அடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரே ஒரு கனத்த டொக் வந்தால் லோயர் ஆர்மின் பின் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் "டொய்ங்" என்று துள்ளினாலோ, திருப்பிவிட்ட ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மறுத்தாலோ ஷாக் மேலே இருக்கும் மவுண்டிங் பேரிங். ஸ்பீடு பிரேக்கர் தாண்டிய பிறகும் மூக்கு ரெண்டு மூணு தடவை ஆடினால், ஷாக் உடம்பில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால், டயரில் திட்டுத் திட்டாகத் தேய்மானம் இருந்தால் ஷாக்.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ. எது என்று பிரிக்க, உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில், 9, 3 இடங்களில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு எண்டு. இந்த ஐந்து நிமிடச் சோதனை ஒரு லோயர் ஆர்ம் விலையை மிச்சப்படுத்தும்.

லோயர் ஆர்ம்

லோக்கல் சரக்கு அதிகம் புழங்குவது இதில்தான், ஏமாறுவதும் இதில்தான். ஆர்ம் என்பது ஒரு இரும்புத் தகடு, ரெண்டு புஷ், ஒரு பால் ஜாயிண்ட். ஜெனுயினில் பாதிக்கும் கீழே லோக்கல் கிடைக்கும், பார்க்க அதே மாதிரி கருப்பாகப் பளபளக்கும். வித்தியாசம் மூன்று இடத்தில் தெரியும். பால் ஜாயிண்டின் ஸ்டட்டை (வெளியே நீட்டியிருக்கும் தண்டு) கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்: புதியது இறுக்கமாக, ஒரே சீராக, கஷ்டப்பட்டு நகரணும். லொடலொடவென்று தொங்கினால் பெட்டியிலேயே தேய்ந்த சாமான். அடுத்து, ரப்பர் கவசத்தின் மேலும் கீழும் உள்ள கம்பி வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். அங்கே இடைவெளி இருந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போகும். மூன்றாவதாக, தகட்டின் விளிம்பில் வெல்டிங் ஓடியிருக்கும் விதம். சீராக இல்லாமல் முத்து முத்தாகக் கட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஆர்மைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதுதான் நல்லது. ரெண்டையும் முதுகோடு முதுகாக வைத்து புஷ் ஓட்டைகளில் போல்ட்டை விட்டுப் பார்த்தால், பால் ஜாயிண்ட் இருக்கும் முனை எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இடது, வலது மாறிப் பெட்டியில் வைப்பதும் நடக்கும். ஜெனுயின் என்றால் பெட்டியில் ஹாலோகிராம் பாருங்கள். அசல் பெட்டியில் நகல் சாமான் போட்டு விற்பவர்களும் உண்டு என்பதால் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆனால் எங்கள் முதல் சிபாரிசு புது ஆர்மே இல்லை. உங்கள் வண்டியோடு வந்த பழைய ஆர்மில் பால் ஜாயிண்ட் நன்றாக இருந்து, தகடு வளையாமல், துரு பொத்தல் போடாமல் இருந்தால், புஷ்ஷை மட்டும் ஜெனுயினாக வாங்கி ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். பழைய அசல் ஆர்மில் புது அசல் புஷ், புது லோக்கல் ஆர்மைவிட எல்லா விதத்திலும் மேல். விலையும் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை: பின் புஷ்ஷின் ரப்பரில் ரெண்டு பக்கம் பிறை வடிவத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். எந்தத் திசையில் புஷ் மென்மையாக இருக்கணும், எந்தத் திசையில் விறைப்பாக இருக்கணும் என்பது அந்தப் பிறையில்தான் இருக்கிறது. பழைய புஷ்ஷை வெளியே தள்ளுவதற்கு முன்னால் ஆர்ம் மேல் உளியால் ஒரு கோடு போட்டு, பிறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்து, லேத்துக்காரரிடம் காட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அவருக்கு அது ஒரு ரப்பர் குழாய், எப்படி அடித்தாலும் உள்ளே போகும். தொண்ணூறு டிகிரி திரும்பி உட்கார்ந்தால் வண்டி கல்லு மாதிரி குதிக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

பளிச்சென்று மஞ்சளிலும் சிவப்பிலும் வரும் பாலியூரித்தேன் புஷ்கள் வேண்டாம். தேயாது என்பது உண்மைதான். ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் ஸ்டீயரிங்கில் கொண்டுவந்து கொட்டும், கிரீஸ் வற்றியதும் பழைய கட்டில் மாதிரி கிறீச்சிடும். நம்ம ரோட்டுக்கு ரப்பர்தான் சரி.

ஷாக்கும் மவுண்டிங்கும்

ஷாக் விஷயத்தில் ஜெனுயின்தான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. கேப்ரியல் மாதிரி தெரிந்த பிராண்டில் உங்கள் மாடலுக்கென்று போட்டிருப்பதை வாங்கலாம். இடது வலது ரெண்டையும் ஒரே சமயத்தில், ஒரே பிராண்டில் மாற்றணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் மழையில் பிரேக் அடிக்கும்போது வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று அதற்கே தெரியாது. புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய ஷாக்கை மட்டும் வாங்காதீர்கள். அந்த மார்க்கெட்டில் நக்கிள் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புக் கூடு), சஸ்பென்ஷன் பிரேம், கேலிப்பர் பிராக்கெட் போன்ற வெறும் இரும்பு வாங்கலாம். ரப்பரோ எண்ணெயோ உள்ளே இருக்கிற எதையும் வாங்குவதில் அர்த்தமில்லை.

மவுண்டிங் கதை வேறு. ஷாக்கின் உச்சியில் வண்டியின் உடம்போடு சேர்கிற அந்த ரப்பர் தட்டும், அதன் அடியில் இருக்கிற பேரிங்கும் ஷாக் விலையோடு ஒப்பிட்டால் சில்லறை. அதனாலேயே "பழசே நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கலாம்" என்பார்கள். இதில் கஞ்சத்தனம் காட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஏனென்றால் இதை மாற்ற மறுபடி முழு ஷாக்கையும் இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கி, அதே வேலையை அடி முதல் செய்யணும். மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர்), தூசிக் கவசம் இந்த நாலையும் ஷாக்கோடு சேர்த்துப் புதுசாகப் போடுங்கள், அதுவும் இந்த நாலை மட்டும் ஜெனுயினாக. லோக்கல் மவுண்டிங்கில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும் இடம் விடும். பானட்டைத் திறந்து பார்த்தால் நடுத்தட்டு ஒரு பக்கமாக அமுங்கி நிற்கும். தூசிக் கவசம் கிழிந்த ஷாக்கில் ரோட்டு மணல் நேராக எண்ணெய் சீலில் போய் உட்காரும். கடலோரத் தெருக்களில் அதோடு உப்பும் சேரும்.

லிங்க் ராடு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் தெரிந்த பிராண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம், ஜோடியாக வாங்குங்கள், நட்டுகள் புதுசாகப் பெட்டியிலேயே வரணும்.

எங்கே வாங்குவது என்றால் புது சாமானுக்கு ஜி.பி. ரோடு (ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு) போதும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் அதே வண்டி எல்.ஐ.சி.யில் இறக்கிவிடும்; அங்கிருந்து நடை தூரம். டூல்ஸ் வேண்டுமென்றால் அதே தடத்தில் உயர்நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி பாரிமுனைத் தெருக்களில் ஏறி இறங்கலாம்.

டூல்ஸ்: எதில் மிச்சம் பிடிக்கலாம்

ஸ்பானரில் தபாரியா மாதிரி நாட்டு பிராண்டே தாராளம். 14, 17, 19 சாக்கெட்டும் ரிங் ஸ்பானரும்தான் இந்த வேலையில் முக்கால்வாசி. லிங்க் ராடு நட்டைத் திருப்பினால் கூடவே ஸ்டட்டும் சுற்றும். அதைப் பிடிக்க ஸ்டட் முனையில் ஆலன் சாவிக்கு ஓட்டை இருக்கும். 5, 6 எம்.எம். ஆலன் சாவி இல்லாமல் ஆரம்பித்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். கூடவே அரை அங்குல டிரைவ் நீளக் கம்பி ஒன்று, அதன் மேல் செருக ஒரு முழம் ஜி.ஐ. பைப்பு.

வண்டியோடு வரும் கத்தரிக்கோல் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கியின் தலை சின்னது, காரின் சில் விளிம்பில் நிற்காமல் வழுக்கும். 2 டன் டிராலி ஜாக்கியும், ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்டும் வாங்கியே ஆகணும். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் ஸ்டாண்டு என்று நினைக்காதீர்கள். அவை விரிசல் விடுவதில்லை, ஒரே அடியில் பொடியாகும். சித்திரை வைகாசி வெயிலில் தெருத் தார் இளகியிருக்கும். ஸ்டாண்டின் கால்கள் அதில் மெல்ல இறங்கும், முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் ஒரு அடிக்கு ஒரு அடி, 18 எம்.எம். பிளைவுட் துண்டு போடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி குறுகிய தெருவில் ஜாக்கிக் கைப்பிடி ஆட வண்டிக்கு முன்னால் நாலடி இடம் விட்டு நிறுத்துங்கள், மழைநீர்க் கால்வாய் மூடி மேல் எந்தக் காலும் நிற்க வேண்டாம்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) வாங்க மனசு வரவில்லை என்றால் ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள், இல்லாமல் செய்யாதீர்கள்.

ஸ்பிரிங் கம்ப்ரசருக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். ரெண்டு நீள போல்ட், நாலு கொக்கி என்று ஆன்லைனில் மலிவாக வரும் அந்த செட்டைச் சொல்கிறோம். ஸ்பிரிங் ஷாக்கில் உட்கார்ந்திருக்கும்போதே பெரும் விசையோடு அமுங்கிக் கிடக்கிறது. கொக்கி ஒரு பக்கம் வழுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்து மறுபக்கம் பாயும். ஆகவே ஷாக்கை ஸ்பிரிங்கோடு முழுசாகக் கழற்றி, புது ஷாக், மவுண்டிங் எல்லாவற்றையும் பையில் போட்டு, சுவரில் பதித்த கம்ப்ரசர் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போய் அதே ஸ்பிரிங்கைப் புது ஷாக்குக்கு மாற்றிவாருங்கள். ஒரு ஜோடிக்கு லேபர் கொஞ்சம்தான். இந்த ஒன்றைப் பட்டறையில் செய்வதால் எந்த கௌரவக் குறைச்சலும் வந்துவிடாது.

பட்டறையில் நிற்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஸ்பிரிங்கின் அடி நுனி, ஷாக் தட்டில் இருக்கும் படியில் முட்டி நிற்கணும். புது ஷாக்கை மாட்டுவதற்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து, முழுசாக இழுத்து முழுசாக அமுக்கி நாலைந்து தடவை செய்யணும். படுக்க வைத்துக் கடையில் இருந்த ஷாக்கில் காற்று இடம் மாறியிருக்கும், அதை வெளியேற்றாமல் மாட்டினால் முதல் நாளே "டப் டப்" கேட்கும், ஷாக் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போவீர்கள். மூன்றாவது ரொம்ப முக்கியம். மேல் நட்டை முறுக்கும்போது ராடு கூடவே சுற்றும், உடனே பையன் கட்டிங் பிளையரையோ வைஸ் கிரிப்பையோ எடுத்து அந்தப் பளபளக்கும் ராடைக் கவ்விப் பிடிப்பான். அப்போதே "நிறுத்துப்பா" என்று சொல்லிவிடணும். மயிரிழை அளவு கீறல் போதும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தக் கீறல் சீலுக்குள் போய் வந்து அரம் மாதிரி அறுக்கும், ஒரு மாதத்தில் எண்ணெய் வழியும். ராடின் உச்சியில் ஆலன் சாவிக்கோ ஸ்பானருக்கோ பிடிமானம் விட்டிருப்பார்கள், அதில் பிடித்துத்தான் முறுக்கணும்.

வாசலில் வேலை

முதல் முறை செய்கிறவர் ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். முந்தின நாள் ராத்திரியே டபிள்யூ டி 40 மாதிரி துரு இளக்கும் எண்ணெயை எல்லா போல்ட்டிலும் அடித்து ஊற விடுங்கள். காலையில் இன்னொரு தடவை.

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று இளக்கி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னால் ரெண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க் ராடு போல்ட் வெளியே வராது, வந்தால் பல்லைத் தெறிக்கிற மாதிரி வரும். ஷாக்கில் கட்டியிருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர் ரெண்டையும் விடுவித்து, லிங்க் ராடை எடுத்துவிட்டு, நக்கிளோடு ஷாக்கைப் பிணைக்கும் ரெண்டு பெரிய போல்ட்டுக்கு வாருங்கள். இளக்குவதற்கு முன் போல்ட் தலையைச் சுற்றி பெயின்ட்டால் கோடு போட்டுவையுங்கள், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) ரொம்ப மாறாமல் திரும்ப உட்காரும்.

அந்தப் போல்ட்டுகள் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். சாய விடாதீர்கள். பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் தன் கூட்டிலிருந்து நழுவும். அது நழுவினால் இன்றைய வேலை அதோடு முடிந்து வேறு வேலை ஆரம்பிக்கும். கட்டுக்கம்பியால் நக்கிளை ஸ்பிரிங் இருந்த இடத்தில் கட்டித் தொங்க விடுங்கள். மேலே உடம்பில் மூன்று நட்டு இருக்கிற வண்டியில் அந்த மூன்றை மட்டும் கழற்றணும், நடு நட்டைத் தொடவே கூடாது. அதுதான் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் மட்டுமே நட்டு இருக்கும் மாடல்களில் எந்த நட்டு உடம்பைப் பிடிக்கிறது, எது ஸ்பிரிங்கைப் பிடிக்கிறது என்று சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஸ்பானர் போடாதீர்கள்.

லோயர் ஆர்மில் வேலை முழுக்க ஒரே ஒரு போல்ட்டில்தான் நிற்கும்: பால் ஜாயிண்ட் ஸ்டட்டை நக்கிளுக்குள் இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட். வடசென்னை வண்டிகளில் இதுதான் வில்லன். ஸ்டட்டின் இடுப்பில் ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகக் குறுக்கே போகும். ஆகவே நட்டை இளக்கினால் போதாது, போல்ட் முழுசாக வெளியே வரணும். உப்புக்காற்றில் போல்ட்டின் உடல் ஓட்டைக்குள்ளேயே துருவோடு துருவாக ஒட்டியிருக்கும். பைப்பு போட்டு ஒரே மூச்சில் நெம்பினால் தலை முறியும், முறிந்த மிச்சத்தை டிரில் போட்டு எடுக்க நக்கிளையே லேத்துக்குத் தூக்கணும். இறுக்கும் பக்கம் கால் சுற்று, இளக்கும் பக்கம் அரைச் சுற்று, எண்ணெய், மறுபடி கால், மறுபடி அரை என்று பொறுமையாக ஆட்டுங்கள். துருப் பொடி சிவப்பு எண்ணெயாக வழிய ஆரம்பித்தால் வழிக்கு வருகிறது என்று அர்த்தம். வெளியே வந்ததும் நக்கிளின் பிளவில் தட்டை உளியை லேசாகத் தட்டி ஒரு மில்லிமீட்டர் விரித்து, ஆர்மைக் கடப்பாரையால் கீழே அழுத்தினால் ஸ்டட் இறங்கிவிடும். கேஸ் டார்ச் பிடிக்காதீர்கள்; பக்கத்திலேயே ஏபிஎஸ் சென்சாரும் டிரைவ் ஷாஃப்ட் ரப்பரும் இருக்கின்றன. புது போல்ட், புது நட்டு போட்டு, ஓட்டைக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

ஆர்மின் மற்ற ரெண்டு போல்ட்டுகள் சாதாரணமாக வந்துவிடும். சில வண்டிகளில் ஒரு பக்கத்து முன் போல்ட் கியர்பாக்ஸில் முட்டி முழுசாக வெளியே வராது. இன்ஜின் மவுண்ட்டை இளக்கிக் கொஞ்சம் தூக்கணும். போல்ட்டை ரம்பத்தால் அறுத்து எடுத்தவர்களும் உண்டு, திரும்ப மாட்டும்போது விழிப்பார்கள்.

முறுக்கும் விதம்

புஷ்ஷின் உள் குழாயை போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது, வெளிக் குழாய் ஆர்மோடு ஒட்டியிருக்கிறது, நடுவில் ரப்பர் ரெண்டோடும் ஒட்டியிருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் சுற்றுவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு கொடுக்கிறது. இப்போது வண்டி ஸ்டாண்டில் இருக்கிறது, சக்கரம் தொங்குகிறது, அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கினால்? வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே எழும். ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே நிற்கும். ராத்திரி தெருவில் சும்மா நிற்கும்போதுகூட முறுக்கு. அதன் மேல் மணலி ரோட்டுப் பள்ளம். சில மாதத்தில் கிழியாமல் என்ன செய்யும்?

ஆகவே போல்ட்டுகளைக் கையால் முட்டும் வரை மட்டும் போட்டு, பால் ஜாயிண்ட் பக்கம் ஆர்முக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தூக்குங்கள். அந்தப் பக்கத்து ஸ்டாண்டிலிருந்து வண்டி லேசாக எழும்பப் போகிறது என்னும் இடத்தில் ஆர்ம் ஏறக்குறைய ஓடும் உயரத்தில் இருக்கும். அப்போது இறுக்குங்கள். ஸ்டாண்டு அங்கேயே இருக்கட்டும், எடுக்கவே கூடாது.

எவ்வளவு இறுக்கணும்? உங்கள் வண்டி மேனுவலில் இருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. சின்ன கார்களில் பெரும்பாலும் ஷாக்கை நக்கிளோடு பிணைக்கும் போல்ட்டும் ஆர்ம் போல்ட்டுகளும் 80 முதல் 100 நியூட்டன் மீட்டருக்குள் வரும், பிஞ்ச் போல்ட் 60-ஐ ஒட்டி, லிங்க் ராடு நட்டு 50-ஐ ஒட்டி. வீல் நட்டு 85 முதல் 100. மேனுவலும் டார்க் ரெஞ்சும் இல்லாமல், பைப்பு போட்டு "இனிமே வராது" என்று இறுக்குவது பிஞ்ச் போல்ட்டில் பல்லைத்தான் தின்னும்.

கடைசியில் அலைன்மென்ட்

ஆர்ம், ஷாக் எது மாற்றினாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருக்கும். ரெண்டு நாள் ஓட்டி ரப்பரெல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, எல்லா போல்ட்டையும் ஒரு தடவை ரெஞ்சு போட்டுப் பார்த்துவிட்டு அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். "ஆச்சு சார்" என்று சொன்னால் நம்பி வராதீர்கள். மெஷின் பிரிண்டைக் கேட்டு வாங்குங்கள். இந்த மாதிரி வண்டிகளில் கடைக்காரர் சரிசெய்வது டோ ஒன்றைத்தான். கேம்பர், காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன், பின்னாகச் சாயும் கோணம்) எண்களை அவர் பார்க்கவே மாட்டார், நீங்கள் பார்க்கணும்.

லோக்கல் ஆர்ம் வாங்கியிருந்தால் அதன் உண்மையான விமர்சனம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. இடது வலது காஸ்டருக்குள் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்து, வண்டி காஸ்டர் குறைந்த பக்கமாக இழுத்தால், பழைய ஆர்மில் அந்த இழுப்பு இல்லை என்றால், புது ஆர்மின் ஓட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. டயரை மாற்றிப் போடுவது, காற்றைக் கூட்டிக் குறைப்பது எதனாலும் அது சரியாகாது. கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, பெட்டியில் போட்டு, பில்லோடும் பிரிண்டோடும் ஆர்ம் வாங்கிய கடைக்குக் கொண்டுபோங்கள். புஷ்ஷில் போல்ட் இறுக்கிய தடம் பார்த்து "மாட்டிட்டீங்களே" என்றுதான் விற்றவர் முதலில் சொல்வார். பழைய ஆர்மையும் கூடவே கொண்டுபோய் ரெண்டையும் கவுண்டரில் முதுகோடு முதுகாக வைத்துக் காட்டுங்கள், பேச்சு அங்கே மாறும்.